தண்டவாளத்தில் நான் வளர்த்த களை

கடையில் பச்சைப் பாய் ஒன்றைச் சுருட்டி வைத்து விற்கிறார்கள். வெட்டி ஒட்டினால் புல்வெளி தயார். மாடல் ரயில் செய்கிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் வாங்கி ஒட்டிவிட்டு, மேலே நான்கு பிளாஸ்டிக் மரத்தைக் குத்திவிட்டு, போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எந்த ஊரில் இருக்கிறது இந்தப் பச்சை? கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி போகிற வழியில் பங்குனி மாதம் இறங்கி நின்று பாருங்கள். சாம்பல், வைக்கோல் மஞ்சள், காய்ந்த சாணி நிறம், துரு. மழை பெய்தால் பத்து நாளைக்குப் பச்சை வரும். அதுவும் ஒரே பச்சை கிடையாது. நாயுருவிக்கு ஒரு பச்சை, எருக்குக்கு வெள்ளை பூசின பச்சை, பார்த்தீனியத்துக்கு நோயாளி முகத்துப் பச்சை. இதைச் சொன்னால், "சார் ரொம்ப நுணுக்கம் பாக்கறீங்க" என்று சிரிக்கிறார்கள். ரயில் பெட்டியில் ஆணி எண்ணிக்கை ஒன்று குறைந்தால் சண்டைக்கு வருகிறவர்கள், களைக்கு மட்டும் பாய் விரித்துவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கோயமுத்தூர் கணபதியில் அண்ணனும் நானும் லேத் பட்டறை வைத்திருக்கிறோம். மோட்டார் பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது வேலை. பட்டறைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில், பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு மேஜை போட்டு, ஒரே ஒரு ஸ்டேஷன் செய்து வைத்திருக்கிறேன். போத்தனூர் – பொள்ளாச்சி மீட்டர்கேஜ் லைனில் இருந்த சின்ன ஸ்டேஷன். ஒரு பிளாட்பாரம், ஓட்டுக் கட்டடம், மஞ்சள் பெயர்ப் பலகை, கொஞ்சம் தள்ளி ஒரு ரயில்வே கேட், அவ்வளவுதான். எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிய அளவு. தண்டவாளம் இரண்டுக்கும் நடுவே சுண்டுவிரல்கூடப் படுக்காது.

அங்கேதான் எங்கள் அப்பா கேங்மேனாக இருந்தார். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இடிப்பது, கழன்ற ஆணியை இறுக்குவது, தண்டவாளத்தில் முளைத்த களையைக் கொத்துவது. முப்பத்தோரு வருஷம் அதுதான் வேலை. அவருக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். சர்க்கார் களையை எடுத்த முதல் ஆள் அப்பாதான். அந்தக் காக்கிச் சட்டையை அவர் ஓய்வு பெற்ற பிறகும் துவைத்து மடித்து வைத்திருந்தார்.

அவர் ஓய்வு பெற்ற சில வருஷத்தில் அகலப்பாதை போடுகிறோம் என்று லைனை மூடினார்கள். கடைசி வண்டி போனதற்கும் தண்டவாளத்தைப் பிடுங்க ஆள் வந்ததற்கும் நடுவில் இரண்டு மழைக்காலம் போனது. அந்த இடைவெளியில் ஸ்டேஷன் எப்படி இருந்ததோ, அதைத்தான் நான் செய்திருக்கிறேன். இப்போது அங்கே புதுக் கட்டடம், உயர்ந்த பிளாட்பாரம், டைல்ஸ். பழைய ஸ்டேஷனின் ஒரு செங்கல்கூட இல்லை. அது இருந்தது இருந்தபடி உலகத்தில் மிச்சம் இருக்கிற ஒரே இடம் என் மேஜை. அதனால்தான் ஒரு புல் தப்பாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

நாற்பத்தொரு போட்டோ என்னிடம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் எடுத்தது. அதை வைத்துக்கொண்டு நான்கு வருஷம் களை வளர்த்தேன். வளர்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கொசு அடிக்கும் பேட் ஒன்றைப் பிரித்து, அதன் ஒரு ஒயரை டீ வடிகட்டியிலும் இன்னொன்றை ஓர் ஆணியிலும் இணைத்தேன். மேஜையில் பசையைத் தடவி, ஆணியை அதில் ஊன்றி, வடிகட்டியில் பொடிப்பொடியாக நறுக்கிய நைலான் நூலைப் போட்டு மெல்ல ஆட்டினால், மின்சாரம் இழுத்து ஒவ்வொரு நூலும் பசையில் நட்டக்குத்தலாக நிற்கும். அது கோரை. காய்ந்த அருகுக்குத் தேங்காய் நார், டீ டிகாஷனில் ஊறவைத்தது. ஊணாங்கொடிக்குப் பித்தளை கடையும்போது சுருண்டு விழும் மெல்லிய பிசிறு. அதில் முருங்கை இலைத் தூளை ஒட்டினேன். சாயம் மட்டும் திருப்பூரிலிருந்து.

எது எங்கே முளைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இன்ஜின் நின்று எண்ணெய் சொட்டிய இடத்தில் வருஷக்கணக்கில் ஒன்றும் வராது. குழாய் ஒழுகும் பிளாட்பார முனையில் கோரை முதலில் வரும். ஜன்னல் வழியாகத் துப்பினதாலும், பெட்டியின் கழிப்பறையிலிருந்து விழுந்ததாலும், தண்டவாளத்துக்கு நடுவே தக்காளிச் செடி வரும். அது காய்க்கவும் செய்யும். நான் இரண்டு தக்காளிச் செடி வைத்தேன். கடுகில் பாதி அளவுக்குப் பச்சைக் காய்கூட வைத்தேன். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் இதுவரை ஒருவர் இல்லை. பெயர்ப் பலகைக்கு எதிரே, பாதையைத் தாண்டி, ஒரு பெரிய வேலிக்காத்தான் முள்புதர் உண்டு. அதன் கட்டைகளைக் கம்பியில் முறுக்கி, மேஜையில் துளை போட்டு இறக்கி, எபாக்ஸி பசை வைத்து இறுக்கினேன். அந்த ஒரு புதருக்கு மட்டும் இரண்டு மாதம்.

அண்ணன் மேலே வருவதே அபூர்வம். என்னைவிட ஏழு வயது மூத்தவர். பேச்சு குறைவு. வெர்னியரில் அளந்து சொல்வது போல, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாடிக்கையாளர் யாராவது, "மேல என்னங்க சத்தம்?" என்று கேட்டால், "தம்பி பொம்ம ரயில் உட்டுட்டு இருக்கறான்" என்பார். அதில் கேலி இருக்கிறதா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் மனதில் கிடந்தது. சொல்லிவிடுகிறேன். ஆயுத பூஜை வந்தால் அண்ணன் பட்டறையில் ஒன்றை விடமாட்டார். லேத், டிரில்லிங் மெஷின், கம்ப்ரசர், ஸ்பேனர், எடைத் தராசு, தண்ணீர் மோட்டார், டீ வாங்கி வரும் தூக்குப் போசி, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கும் ஒரு பொட்டு. நான்கு வருஷமாக என் மேல் மாடி அறைக்கு மட்டும் ஒரு பொட்டு வந்ததில்லை. வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று வெளியே சொல்வேன். உள்ளே எரியும்.

போன ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால், எதற்கோ மேலே வந்தவர் மேஜை முன்னால் வெகுநேரம் நின்றார். நான் பார்த்தீனியத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பெயிண்ட்டை ஊசி முனையில் தொட்டு வைக்கிற வேலை.

"இப்புடியேவா உடப்போறே?" என்றார்.

"இதுக்குத்தானுங்கண்ணா நாலு வருசம்."

அவர் இறங்கிப் போனார். இவருக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று நான் அடுத்த பூவை வைத்தேன்.

ஆயுத பூஜையன்று காலையில் வாழைக்கன்றும் வெண்பூசணியும் வாங்க நான் மார்க்கெட் போனேன். கூட்டம். இரண்டரை மணி நேரம் ஆனது. திரும்பி வந்து பொருளை இறக்கிவிட்டு, சட்டை மாற்ற மேலே போனேன்.

கதவு திறந்திருந்தது. தரையில் கம்ப்ரசர் ஹோஸ் மாடிப்படி வழியாக ஏறி வந்து கிடந்தது. அதன் முனையில் ஏர் கன். பட்டறையில் மெஷினைச் சுத்தம் செய்வது அதில்தான். ஒரு அழுத்து அழுத்தினால் மூலையில் ஒளிந்திருக்கும் இரும்புத் தூள்கூடப் பறந்துவிடும். பக்கத்தில் இரண்டு அட்டைத் துண்டுகள். சுவரோரமாக, ஒரு முறம் அளவுக்கு, என் களை.

கோரை, அருகு, நாயுருவி, கொடி, தக்காளி. எல்லாம் கலந்து, சீப்பில் வந்த முடி மாதிரி ஒரு குப்பை. மேஜையில் தண்டவாளம் பளபளவென்று இருந்தது. ஜல்லி தெரிந்தது. இன்ஜின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். பெயர்ப் பலகைக்கு ஒரு பொட்டு. சிக்னல் கம்பத்தில் ஒற்றைச் செவ்வந்தி இதழ். பிளாட்பாரத்தில் ஏழெட்டுப் பொரி, ஒவ்வொன்றும் அந்த ஊருக்கு ஒரு பாறை. இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் களை மிச்சம் இருந்தது. அதற்குள் யாரோ கீழே கூப்பிட்டிருப்பார்கள், அதனால் தப்பித்தது என்று நினைத்தேன். முள்புதரும் நின்றது. எபாக்ஸி வைத்ததால் நின்றது.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.  நான்கு வருஷம் இவர் என் அறைக்கு ஒரு பொட்டு வைக்கவில்லை. வைத்த அன்றைக்கு இப்படியா. மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கழுத்தை அறுத்திருக்கிறாரே. களையையும் அழுக்கையும் ஒன்றாகப் பார்க்கிற கண்ணை வைத்துக்கொண்டு இந்த ஆள் எப்படி நூலிழை பிசகாமல் ஷாஃப்ட் கடைகிறார். நான் படியில் இறங்கியது எனக்கு நினைவில்லை.

கீழே எல்லாரும் பூஜைக்கு நின்றிருந்தார்கள். என் மனைவி, அண்ணி, பட்டறை ஆட்கள், பக்கத்துப் பட்டறைக்காரர். அண்ணன் கையில் தட்டு. நான் கத்தினேன். என்னவெல்லாம் கத்தினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. "உங்களுக்கு இரும்பைத் தவிர என்ன தெரியும்" என்றது நினைவிருக்கிறது. "படிக்காதவங்க கையில குடுத்தா இப்புடித்தான்" என்றதும் நினைவிருக்கிறது. என்னை டிப்ளமோ படிக்க வைத்தவர் அவர்தான். அண்ணன் நான் முடிக்கும் வரை தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சூடம் அணைந்துவிட்டது. திரும்ப ஏற்றினார். பூசணிக்காயைச் சுற்றி வாசலில் உடைத்தார். எல்லாருக்கும் பொரி, சுண்டல் கொடுத்தார். எனக்கும் நீட்டினார். நான் வாங்கவில்லை.

அதன் பிறகு பதினோரு நாள் பேச்சில்லை. ஒரே கூரையின் கீழ் எட்டடி தூரத்தில் இரண்டு லேத் ஓட்டிக்கொண்டு பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அளவு கேட்க வேண்டுமானால் துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைப்பேன். அவர் அதன் பின்புறத்தில் பதில் எழுதி வைப்பார். மத்தியானம் என் மனைவி சோறு கொண்டுவந்தால், "ஏனுங்க, இந்தப் போசியை உங்கண்ணனுக்குக் குடுங்க" என்று வேண்டுமென்றே என் கையில் தருவாள். நான் அதை அவர் லேத் மேல் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தப் பதினோரு நாளும் நான் அண்ணனைத் திட்டுவதற்காகவே பழசையெல்லாம் தோண்டினேன். தோண்டத் தோண்ட வந்தது அப்பா மேல் இருந்த கோபம். அதையும் சொல்ல வேண்டும்.

லைன் மூடிய பிறகு அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ, தினமும் காலையில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போக ஆரம்பித்தார். கைப்பிடி வழுவழுப்பாகத் தேய்ந்த, சின்ன இரும்புக் கொத்து. வேலையில் இருந்தபோது அவரே செய்து வைத்துக்கொண்டது. வண்டி வராத தண்டவாளத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து களை கொத்துவார். பெயர்ப் பலகையில் ஆரம்பித்து ரயில்வே கேட் வரைக்கும். நானூறு அடி இருக்கும். கேட்டை எட்டும்போது பலகைப் பக்கம் திரும்ப முளைத்திருக்கும். மறுபடி அங்கிருந்து. அண்ணன் அப்போது அப்பாவோடு ஊரில் இருந்து, தினமும் பஸ்ஸில் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தார். அவர் இதைத் தடுக்கவே இல்லை. அதுவும் எனக்குக் கோபம்.

நான் கல்யாணமாகிக் கோயமுத்தூரோடு வந்துவிட்டவன். ஒரு புரட்டாசி ஞாயிறு. உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறி ஊருக்குப் போனேன். இறங்கி நடந்தால், பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் இரண்டு பைக்கும் ஒரு காரும் நின்றிருந்தன. எங்கள் முன்னோர் களை எடுத்த தோட்டங்களின் சொந்தக்காரர்கள் வீட்டு ஆட்கள். தண்டவாளத்தில் அப்பா குந்தியிருந்தார். வெயில் முதுகில் அடித்தது.

"ஏனப்பா, ரயிலு நின்னுபோச்சுன்னு உனக்கு யாரும் சொல்லலியா?" என்றான் காரில் வந்தவன். அவனுக்கு என் வயதுதான்.

"வருமுங்க சாமி. வாரப்ப லைன் சுத்தமா இருக்கோணுமல்லங்க" என்றார் அப்பா, கையை நிறுத்தாமல்.

"கூலி யாரு குடுக்கறா? நம்ம தோட்டத்துல களை மண்டிக் கெடக்குது. அங்க வந்தாலாவது காசு பாக்கலாமே."

சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. நான் படித்தேன். அண்ணனும் நானும் சொந்தமாகப் பட்டறை வைத்தோம். அந்த ஊரில் எங்களை யாரும் உட்காரச் சொல்லாத வாசல்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அதே ஆட்கள் முன்னால் என் அப்பா மறுபடியும் குந்திக்கொண்டு களை எடுக்கிறார், அதுவும் சும்மா. நான் நேராகப் போய் அவர் கையிலிருந்த களைக்கொத்தைப் பிடுங்கினேன். "மானம் போகுதுங்கப்பா" என்றேன். திரும்பி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து, எதிரே இருந்த வேலிக்காத்தான் புதருக்குள் வீசினேன்.

காரில் வந்தவன் சிரிப்பை நிறுத்தினான். அதைப் பார்த்து எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அப்பா எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாங் கண்ணு, சோறு ஆக்கியிருக்குது" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் லைனுக்குப் போகவில்லை என்று அண்ணன் சொன்னார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாகப் பிடித்தது. அடுத்த முறை நான் போனபோது ஸ்டேஷன் முழுக்கக் களை மூடி, பார்க்கவே வேறு இடமாக இருந்தது. அன்றைக்குத்தான் அந்த நாற்பத்தொரு போட்டோவையும் எடுத்தேன். தை மாதம் தண்டவாளத்தைப் பிடுங்க ஆட்கள் வந்தார்கள். அடுத்த ஆடியில் அப்பா போனார்.

பன்னிரண்டாம் நாள் அண்ணன்தான் பேசினார். மத்தியானம், மெஷின் எல்லாம் நிறுத்தியிருந்த நேரம். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவர் ஒரு ஷாஃப்ட்டை வெர்னியரில் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "எத்தன நாளுக்குடா சீட்டெழுதுவே?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன் போல. "எதுக்குங்கண்ணா அப்புடிச் செஞ்சீங்க?" என்றேன்.

"களை எடுத்தேன்."

"அது களை இல்லீங்க. என்ற நாலு வருச வேலை. அழுக்குன்னு நெனச்சுப்போட்டீங்க."

"அழுக்குக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாமயா கேங்மேன் ஊட்டுல பொறந்தேன்." ஷாஃப்ட்டைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுதான் எடுத்தேன். போர்டுல இருந்து கேட்டு வரைக்கும். அதுக்கு இந்தப் பக்கமும் தொடல, அந்தப் பக்கமும் தொடல. நீ பாக்கல?"

எனக்கு அந்த இரண்டு அட்டைத் துண்டுகள் ஞாபகம் வந்தன. பெயிண்ட் அடிக்கும்போது படக்கூடாத இடத்தில் அட்டை வைத்து மறைத்துக்கொள்வது பட்டறை வழக்கம்.

"அப்பா அந்த நானூறடில ஒரு புல்லு உட்டதில்ல. நீ செஞ்சு வெச்சதுல அதக் காணோம். அப்புடியொரு ஆளே அங்க இல்லாத மாதிரி செஞ்சு வெச்சிருக்கே."

"போட்டோல அப்புடித்தானுங்க இருக்குது. காட்டட்டுங்களா? நானா ஒரு எலை சேக்கலீங்க."

"போட்டோ எப்ப எடுத்தே?"

நான் சொல்லத் தொடங்கி நிறுத்தினேன்.

"நாஞ் சொல்றேன். ஐப்பசிக் கடைசில. கொத்த எப்ப வீசினே? பொரட்டாசில." அண்ணன் குரல் ஏறவே இல்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "போட்டோல இருக்கறது ரயில்வே உட்ட களையில்லடா. நீ உட்ட களை."

கழிவுத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தவர், சொன்னார்.

"நீ பஸ்ஸேறிப் போனதுக்கு அப்பறம் ரெண்டு நாளு அந்த முள்ளுக்குள்ள கைய உட்டுத் தேடிட்டுக் கெடந்தாரு. மொழங்கை வரைக்கும் கீறல். நாந்தான் மஞ்சப் பத்துப் போட்டு உட்டேன். உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னாரு. புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். கையில புடிச்சுப் பாத்துட்டு, புடி சரியில்லன்னு மூலையில வெச்சுப்போட்டாரு."

"மானம் போகுதுன்னு சொன்னனுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அத அவுரு எங்கிட்டச் சொல்லல" என்றார் அண்ணன். மெஷினைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் பேச முடியாது.

எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. இன்னும் கூடியது. காரில் வந்தவன் மேல், சேர்ந்து சிரித்த அப்பா மேல், பன்னிரண்டு வருஷமாக இதை மென்று விழுங்கிக்கொண்டிருந்துவிட்டு ஏர் கன்னால் பதில் சொன்ன அண்ணன் மேல். எல்லாரையும் ஒரு சுற்றுத் திட்டிவிட்டு, கடைசியில் திட்ட வேறு ஆள் இல்லாமல் மாடி ஏறினேன்.

மேஜைக்குக் குனிந்து, அன்றைக்குப் பார்க்காததை இப்போது பார்த்தேன். பெயர்ப் பலகைக் காலில் களை நின்றிருந்தது. கோடு போட்ட மாதிரி ஒரே நேராக. அந்தப் பக்கம் ரயில்வே கேட்டிலும் அப்படித்தான். ஸ்கேல் வைத்து அளந்தேன். நாலரை அடியும் கொஞ்சமும். எண்பத்தேழால் பெருக்கினால் நானூறு சொச்சம் வருகிறது. கண் மதிப்பில் அட்டையைப் பிடித்து அடித்திருக்கிறார். பொட்டு வைத்தது அதற்குப் பிறகுதான்.

நாற்பத்தொரு போட்டோவையும் வரிசையாகப் பார்த்தேன். தெரிந்தே தேடினால் தெரிகிறது. கேட்டுக்கு அப்பால் இருக்கும் களை, முற்றிய களை. எருக்கு இடுப்பளவுக்கு. பலகைக்கும் கேட்டுக்கும் நடுவில் இருப்பது எல்லாம் ஒரே வயது. எல்லாம் ஒரே மழையில் வந்த இளங்களை. எது முதலில் முளைக்கும், எது பின்னால் வரும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவன் நான். அந்த வித்தியாசத்தை நிறத்தில்கூடச் சரியாகக் கொண்டுவந்திருக்கிறேன். ஏன் அப்படி இருக்கிறது என்று மட்டும் நான்கு வருஷத்தில் ஒரு தடவை கேட்கவில்லை.

சுவரோரம் கிடந்த களையை அள்ளிக் குப்பைக் கூடையில் கொட்டினேன். பொரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இன்ஜின் நெற்றிப் பொட்டைத் துடைக்கவில்லை.

மேஜையில் நான் செய்ததில் முழுசாக மிச்சம் இருந்த பெரிய வேலை அந்த வேலிக்காத்தான் புதர் ஒன்றுதான். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ட்வீசரை எடுத்து அதன் அடியில் விட்டேன். கிளையைக் கிளையாக விலக்கிப் பார்த்தேன். கம்பி முனை புறங்கையில் கீறியது. நான் செய்து வைக்காத ஒன்று அதற்குள் இருக்காது என்று எனக்குத் தெரியும். கீழே அண்ணன் மெஷினை நிறுத்தி, சாப்பிட வரச்சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். "வாரனுங்க" என்றேன். தேடிக்கொண்டுதான் இருந்தேன்.